கண்மாய அளக்க ட்ரோனா, சாட்டிலைட்டா, இல்ல கம்பத்த தூக்கிட்டு நடையா?

போன மாசம் திண்டுக்கல் பக்கத்துலேருந்து ஒரு நண்பர் போன் பண்ணாரு. அவங்க ஊர் கண்மாய தூர் வாரப் போறாங்களாம், ஊர்க்காரங்களும் வெளியூர்ல வேலைல இருக்கிற பசங்களும் சேந்து பணம் போட்டுருக்காங்க, மேப் ஒன்னு போட்டுட்டு வேலைய ஆரம்பிக்கலாம்னு மூணு பேர்ட்ட விசாரிச்சிருக்காங்க. ஒருத்தர் ட்ரோன் பறக்க விடணும்ங்கிறாரு, இன்னொருத்தர் டி.ஜி.பி.எஸ் (திருத்தம் வாங்கி துல்லியமா அளக்கிற ஜி.பி.எஸ்) வெச்சு பாயிண்ட் எடுக்கணும்ங்கிறாரு, மூணாவது அந்த ஊர் காலேஜ் பையன், சாட்டிலைட் படத்த வெச்சே எல்லாத்தையும் பண்ணிடலாம், செலவே இல்லங்கிறான். "இதுல எதுங்க நல்லது?"ன்னாரு.

"கண்மாய்ல எத தெரிஞ்சிக்கணும்?"னு திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோவம். "மேப் வேணும், அவ்ளோதான்"னாரு.

நான் சர்வே, மேப்பிங் வேலைல பதினஞ்சு வருஷமா இருக்கேன், இதே கேள்வி வருஷத்துக்குப் பத்து தடவையாச்சும் வரும், அதனால அவர்ட்ட ஒரு மணி நேரம் பேசினத அப்படியே இங்க எழுதி வெச்சிடறேன். அடுத்த தடவ யாராச்சும் கேட்டா லிங்க் அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிடலாம்ல.

மொதல்ல ஒன்னு. மூணு பேரும் கடைசில டேட்டாவ கொண்டாந்து போடப் போறது க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் போடற சாஃப்ட்வேர்லதான், அது இலவசம், 2002லேருந்து இருக்கு, நல்லாவும் இருக்கு. அதனால எந்த ஜி.ஐ.எஸ் சாஃப்ட்வேர்ங்கிறது இங்க கேள்வியே இல்ல. அதுக்குள்ள எதக் கொட்டப் போறோம், கொட்டுனதெல்லாம் ஒன்னு மேல ஒன்னு சரியா உக்காருமா, அதுதான் கேள்வி. மெஷின் வாடகைக்கு ஆகுற செலவ விட இந்த ஒட்டு வேலைல போற நாள்தான் அதிகம், கோட்டேஷன்ல இது ஒரு வரியாக்கூட இருக்காது.

நண்பரோட கண்மாய் சுமார் 60 ஹெக்டேர், 150 ஏக்கர்னு வெச்சுக்கங்க. மடை மூணு, கலுங்கு (மிஞ்சுன தண்ணி வழியற எடம்) ஒன்னு, வரத்துக்கால் ஒன்னு. மேக்கு ஓரமா சீமைக்கருவேலங்காடு, கெழக்குல யாரோ எப்பவோ சவுடு அள்ளிட்டுப் போன பள்ளங்க. பேசப் பேச அவருக்கு வேண்டியது நாலு விஷயம்னு தெரிஞ்சுது: எந்தெந்த வருஷம் எவ்ளோ தண்ணி நின்னுச்சு, எல்லை எது, எங்க எவ்ளோ மண்ணு அள்ளணும், அள்ளுனதுக்கப்புறம் தண்ணி மடைக்கு ஏறுமா. ஒவ்வொன்னுக்கும் வேற வேற டேட்டா. ஒரே மெஷின்ல நாலும் வந்துடும்னு எவனாச்சும் சொன்னா அவன் அந்த மெஷின வாங்கிட்டு வேலையில்லாம இருக்கான்னு அர்த்தம்.

காலேஜ் பையன்லேருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அவன் சொன்னதுல பாதி சரி. ஐரோப்பாக்காரங்களோட சென்டினல்-2 2015லேருந்து படம் எடுத்துட்டிருக்கு, 2017ல ரெண்டாவது சாட்டிலைட்டும் போனதுக்கப்புறம் அஞ்சு நாளைக்கு ஒரு தடவ அதே இடத்துக்கு வருது, எல்லாம் இலவசம். ஒரு பிக்சல் தரையில பத்துக்குப் பத்து மீட்டர், நம்ம கணக்குல ரெண்டரை சென்ட். அதுக்கு முன்னாடி வருஷங்கள் வேணும்னா அமெரிக்காக்காரங்களோட லேண்ட்சாட், 30 மீட்டர் படம் 1984லேருந்து கெடைக்குது, ஆனா அதுல ஒரு பிக்சல் 22 சென்ட், கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. 150 ஏக்கர் கண்மாய்க்கு ரெண்டுமே போதும். ஊருணிக்கு லேண்ட்சாட் போதாது, நாலு பிக்சல்ல ஊருணியே முடிஞ்சுடும். இன்னும் சோம்பேறித்தனமா பண்ணணும்னா ஐரோப்பிய கமிஷனோட கூட்டு ஆராய்ச்சி மையம் அந்த லேண்ட்சாட் படங்க எல்லாத்தையும் அலசி உலகம் பூரா எங்கெங்க எவ்ளோ காலம் தண்ணி நின்னுச்சுன்னு மேப்பே போட்டு வெச்சிருக்காங்க, அத எறக்கி நம்ம கண்மாய் எல்லைல வெட்டிக்கிட்டாலே மொதல் கேள்விக்கு முக்காவாசி பதில் வந்துடும்.

தண்ணிய எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னா, தண்ணி பச்சை ஒளிய ஓரளவு திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்ப முழுங்கிடும், செடிகொடி அதுக்கு நேர் எதிர், அகச்சிவப்ப பளீர்னு திருப்பி அடிக்கும். ரெண்டையும் கழிச்சு வகுத்தா ஒரு எண் வரும், பிளஸ்னா தண்ணி, மைனஸ்னா இல்ல. 1996லேருந்து இருக்கிற ஃபார்முலா, க்யூஜிஐஎஸ்ல படத்துக்குக் கணக்கு போடற ராஸ்டர் கால்குலேட்டர்ல ஒரே வரி.

இந்த ஒரே வரிய நம்பி நான் ஒரு தடவ அசிங்கப்பட்டிருக்கேன். ஒரு மார்கழி மாசம், ஸ்க்ரீன்ல கண்மாய்ல மூணுல ஒரு பங்குகூட தண்ணி இல்லன்னு வந்துச்சு, ரிப்போர்ட்டும் எழுதிட்டேன், அப்புறம் சும்மா போய் பாப்போம்னு கரைல ஏறி நின்னா கலுங்கு வரைக்கும் தளும்புது. மேல பூரா ஆகாயத்தாமரை. அதுமேல தாமரைக்கோழி ஒன்னு கால அகட்டி அகட்டி நடந்து போயிட்டிருக்கு. சாட்டிலைட்டுக்கு அது புல்வெளி, தாமரைக்கோழிக்கு அது தரை, கூட வந்த பெரியவர் மட்டும் ஒரு கல்ல எடுத்து வீசி "கேட்டுச்சா தம்பி?"ன்னாரு. நெய்வேலி காட்டாமணக்கு வளந்து கெடக்கிற கண்மாய்லயும் இதே கததான்.

மேகம் இன்னொரு தலைவலி. நம்ம பக்கம் கண்மாய் நெறையறது ஐப்பசி, கார்த்திகைல, அப்பதான் படம் பூரா வெள்ளையா வரும். அதுக்கு சென்டினல்-1 இருக்கு, ரேடார், மேகத்த ஊடுருவும், ராத்திரிலயும் எடுக்கும், அமைதியான தண்ணி கருப்பாத் தெரியும். ஆனா ஆகாயத்தாமரை மூடுன தண்ணி அதுலயும் கருப்பா வராது. நான் என்ன பண்றேன்னா தை மாசத்து தெளிவான படம் ஒன்னு, ரேடார் படம் ஒன்னு ரெண்டையும் வெச்சு, சந்தேகம் இருக்கிற எடத்துக்கு ஆள் போய் போன்ல போட்டோ எடுத்துட்டு வந்துடணும், இதுக்கு குறுக்கு வழி இல்ல.

இப்ப அவன் சொன்னதுல தப்பான பாதி. "சாட்டிலைட்லயே உயர டேட்டாவும் இருக்குண்ணே, ஆழத்தையும் எடுத்துடலாம்"னானாம். அவன் சொல்றது எஸ்.ஆர்.டி.எம், 2000 பிப்ரவரில எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடார்ல எடுத்தது. அதோட உயரத் துல்லியத்துக்கு அவங்களே வெச்சுக்கிட்ட இலக்கு 16 மீட்டர். நடைமுறைல அத விட நல்லாவே வந்திருக்கு, மலை, ஆறு, நீர்ப்பிடிப்புப் பகுதி எங்கெங்க இருக்குன்னு பாக்க அருமையான டேட்டா, வரத்துக்கால் எங்கேருந்து வருதுன்னு தேட நானே அதத்தான் எடுப்பேன். ஆனா நம்ம கண்மாயோட மொத்த ஆழமே மூணு மீட்டர். நெல்லு மூட்டை எடை போடற தராசுல மூக்குத்திய நிறுக்க முடியுமா? அதுவும் போக அன்னைக்கு கண்மாய்ல தண்ணி இருந்திருந்தா ரேடார் பாத்தது தண்ணியோட மேல்மட்டத்த, தரைய இல்ல.

ஆனா சாட்டிலைட்ட வெச்சே ஆழத்துக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச வழி. நிக்கிற தண்ணியோட ஓரம் எல்லா எடத்துலயும் ஒரே மட்டம்தான, அப்ப அந்த ஓரக்கோடே ஒரு கான்டூர், அதாவது சம உயரக் கோடு. மடைச் சுவத்துல அடி கணக்குல பெயிண்ட் அடிச்சு வெச்சிட்டு, சாட்டிலைட் வர்ற அஞ்சு நாளைக்கு ஒரு தடவ யாராச்சும் தண்ணி எத்தன அடில நிக்குதுன்னு நோட்டுல எழுதிட்டே வந்தா, பங்குனில தண்ணி வத்தி முடியறப்ப கைல இத்தன அடிக்கு இத்தன ஏக்கர்னு ஒரு வரிசை இருக்கும், அத அடுக்கிக் கூட்டுனா கொள்ளளவு. பத்து மீட்டர் பிக்சல்ங்கிறதால ஓரம் கொஞ்சம் தள்ளாடும், ஆகாயத்தாமரைய பாத்துக்கணும், கடைசியா தண்ணி நின்ன மட்டத்துக்குக் கீழ ஒன்னும் தெரியாது. ஆனாலும் ஒரு டப்பா பெயிண்ட் செலவுல இதுக்கு மேல என்ன வேணும். தூர் வாருனதுக்கு அப்புறமும் இதையே பண்ணா எவ்ளோ கூடியிருக்குன்னு அதுவே சொல்லிடும், கான்ட்ராக்டர் கணக்க நம்ப வேண்டியதில்ல.

பிரச்சனை என்னன்னா இதுக்கு ஒரு மழைக்காலம் பூரா காத்திருக்கணும், நண்பருக்கு சித்திரைலயே ஜே.சி.பி எறங்கணும். அப்ப தரைய நேரா அளந்துதான் ஆகணும், ட்ரோனா ஆர்.டி.கேயாங்கிற சண்ட இங்கதான் வருது.

டி.ஜி.பி.எஸ்னு ஊர்ல எல்லாரும் சொல்றது இப்ப பெரும்பாலும் ஆர்.டி.கேதான். ஒரு பேஸ் ஒரே எடத்துல நிக்கும், ரோவர் கம்பத்த தூக்கிட்டு நாம நடக்கணும், பேஸ் அனுப்புற திருத்தத்தால ஒன்னு ரெண்டு சென்டிமீட்டர் துல்லியம் வரும், உயரத்துல கொஞ்சம் கூட. நம்ம போன்ல இருக்கிற ஜி.பி.எஸ் தெறந்த வெளில மூணுலேருந்து அஞ்சு மீட்டர், அதோட ஒப்பிட்டுக்கங்க. இப்ப சர்வே ஆஃப் இந்தியா நாடு பூரா கோர்ஸ் ஸ்டேஷன்னு நெரந்தரமான பேஸ் போட்டுருக்கிறதால பேஸே இல்லாம மொபைல் நெட்லயே திருத்தத்த வாங்கிக்கலாம், கண்மாய்க்குள்ள சிக்னல் இருந்தா. இல்லன்னா பழையபடி பேஸ்தான்.

60 ஹெக்டேர்ல 50 மீட்டருக்கு ஒரு பாயிண்ட்னு கட்டம் போட்டா 240 பாயிண்ட். ரெண்டு பேர் போனா ஒன்னரை நாள், வெயில் அடிச்சா ரெண்டு நாள். தரை சமமா, தட்டு மாதிரி சரிஞ்சு போற கண்மாய்க்கு இதுவே தாராளம், இதுக்குப் போய் ட்ரோன் கூப்பிடறது காசுக்குப் புடிச்ச கேடு. ஆனா நண்பரோட கண்மாய்ல கெழக்குப் பக்கம் சவுடுப் பள்ளம் இருக்கே, பத்து மீட்டர் அகலப் பள்ளம் 50 மீட்டர் கட்டத்துக்கு நடுவுல விழுந்துச்சுன்னா அது இல்லவே இல்லன்னு ஆயிடும். அந்த மாதிரி எடத்துக்கு ட்ரோன்தான்.

ட்ரோன்ல என்ன கெடைக்குதுன்னா, சர்வேக்கு வழக்கமா எடுத்துட்டு வர்ற 20 மெகாபிக்சல் கேமராவ 120 மீட்டர் உயரத்துல பறக்கவிட்டா ஒரு பிக்சல் தரையில மூணு சென்டிமீட்டர் சொச்சம். ஒரு படம் தரையில 180க்கு 120 மீட்டர் புடிக்கும், ஆனா முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டுல 70 சதவீதம் ஒன்னு மேல ஒன்னு ஏறி வரணும், அப்பதான் ஒரே கல்ல பல கோணத்துலேருந்து பாத்து சாஃப்ட்வேர் உயரத்தக் கணக்கு போடும். அதனால 60 ஹெக்டேருக்கு 500 படம் ஆயிடும். ஓப்பன் ட்ரோன் மேப்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுலயே பண்ணிடலாம், என்ன, கம்ப்யூட்டர்ல ரேம் கம்மியா இருந்தா ராத்திரி போட்டுட்டுத் தூங்கி காலைல எந்திரிச்சா எர்ரர்ல நிக்கும்.

ட்ரோனுக்கு ரெண்டு எடத்துல கண்ணு தெரியாது. ஒன்னு தண்ணி. தண்ணி மேல பொருத்திப் பாக்க நெலையான அடையாளம் இல்லாததால அங்க தரை மேடும் பள்ளமுமா குப்பையா வரும், அதனால பறக்கறதுன்னா சித்திரை வைகாசில, கண்மாய் காஞ்சு வெடிச்சுக் கெடக்கறப்பதான். இன்னொன்னு கருவேலங்காடு. ட்ரோன் பாக்கறது மரத்தோட தலைய, அத தரைன்னு எடுத்துக்கிட்டா அங்க நாலு மீட்டர் மண்ணு குமிஞ்சு கெடக்குன்னு எஸ்டிமேட் வரும், அள்ளாத மண்ணுக்கு பில் வேற வரும். இதுக்குத்தான் லைடார் இருக்கே, லேசர் எலைக்கு நடுவுல இருக்கிற சந்துல பூந்து தரையத் தொட்டுட்டு வருமேன்னு கேப்பீங்க. வரும். ஆனா எப்படியும் அந்தக் காட்ட வெட்டிட்டுத்தான் தூர் வாரப் போறீங்க, வெட்டிட்டு அப்புறம் சாதா ட்ரோன பறக்கவிடுங்க, லைடார் வாடகை மிச்சம். காட்டுலாகா எடத்துலயோ மலை அடிவாரத்து நீர்ப்பிடிப்புலயோ வெட்ட முடியாத மரம் இருந்தா அப்ப லைடார் பத்தி பேசலாம்.

சட்டம் இப்ப பரவால்ல. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் தனியா அனுமதி தேவையில்ல, ஆனா ட்ரோனுக்குப் பதிவு எண் வேணும், காசுக்குப் பறக்கவிடறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும், வர்றவர்ட்ட ரெண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்க. ஏர்போர்ட் பக்கத்து ஊருன்னா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாக்காம எடுக்கவே கூடாது. மேப் போடறதுக்குனு தனி அனுமதி வாங்குற தொல்லையும் 2021 பிப்ரவரிலயே நம்ம நாட்டு ஆளுங்களுக்கு எடுத்துட்டாங்க.

இப்ப துல்லியத்துக்கு வர்றேன், நண்பர் நிமிந்து உக்காந்தது இங்கதான். ட்ரோன் படத்துல உயரம் வெறும் அஞ்சு சென்டிமீட்டர் மொத்தமா ஏறி இருக்குன்னு வெச்சுக்கங்க. அஞ்சு சென்டிமீட்டர்னா ரெண்டு வெரல்கடை. 60 ஹெக்டேருக்கு அது 30,000 கன மீட்டர், நம்ம பாஷைல ஒரு மில்லியன் கன அடிக்கு மேல. மூணு யூனிட் (300 கன அடி) டிப்பர்ல அடிச்சா 3,500 லோடு. ரெண்டு வெரல்கடைல 3,500 லோடு! "படம் தெளிவா இருக்கு பாருங்க, மாடு படுத்திருக்கிறதுகூடத் தெரியுது"ன்னு காட்டுவாங்க, தெளிவு வேற, சரியா இருக்கிறது வேற. அதனால ட்ரோன் வேணும்னா தரையில ஆர்.டி.கேல எடுத்த கன்ட்ரோல் பாயிண்ட் (எடமும் உயரமும் துல்லியமாத் தெரிஞ்ச குறி) நாலு மூலையிலயும் நடுவுலயும் கட்டாயம் வேணும், அது போக சாஃப்ட்வேர்ட்ட சொல்லாம ஒளிச்சு வெச்ச பாயிண்ட் ஒரு இருபது முப்பது வேணும், கடைசில அதோட ஒப்பிட்டு எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாக்க. நண்பருக்கு வந்த ட்ரோன் கோட்டேஷன்ல ரெண்டும் இல்ல. ஆக ட்ரோனா ஆர்.டி.கேயான்னு கேக்கறதே தப்பு, ஆர்.டி.கே இல்லாத ட்ரோன் இந்த வேலைக்கு வெறும் போட்டோதான். ட்ரோன் இல்லாத ஆர்.டி.கே மட்டும் தனியா நிக்கும்.

மடையோட சில் லெவல் (மடை வாயோட அடிமட்டம்), கலுங்கு மட்டம், வரத்துக்கால் அடிமட்டம் இதெல்லாம் ஆர்.டி.கேலகூட அரை மனசோடதான் எடுப்பேன். கரைல புளியமரமும் பனையும் நிக்கும், அடில போனா ஃபிக்ஸ், அதாவது அந்த சென்டிமீட்டர் துல்லியம், போயிடும், திரைல என்னமோ ஒரு எண் காட்டிட்டே இருக்கும், அவசரத்துல அதையே சேவ் பண்ணிட்டு வந்துடுவோம். அதுக்கு பழைய ஆட்டோ லெவலும் (மட்டம் பாக்கற தொலைநோக்கி) ஸ்டாஃபும்தான் (அளவு போட்ட கோல்) ராஜா. அரை நாள் வேலை, மில்லிமீட்டர்ல வரும். வரத்துக்கால் ஆயிரம் மீட்டருக்கு அரை மீட்டர் எறங்குனாலே பெருசுங்கிற ஊர்ல பத்து சென்டிமீட்டர் தப்புன்னா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னே சொல்ல முடியாது.

இப்ப ஒட்டு வேலை.

உயரம்னு சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. ஜி.பி.எஸ் தர்றது பூமிய ஒரு வழவழப்பான முட்டையா நெனச்சு அந்த முட்டை மேலேருந்து எவ்ளோங்கிறது. லெவல் எடுக்கிறது, உயரம் குறிச்சு வெச்ச பெஞ்ச் மார்க் கல்லுல இருக்கிறது எல்லாம் கடல் மட்டத்துலேருந்து. உலகத்துல நெறைய எடத்துல இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் நம்ம ஊர் அளவுக்கு இருக்காது, ஆனா நம்ம ராசி, இலங்கைக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல உலகத்துலயே பெரிய ஈர்ப்புக் குழி இருக்கு, அங்க கடல் மட்டம் அந்த முட்டைய விட 106 மீட்டர் கீழ. அதோட சரிவுல நாம இருக்கோம். தமிழ்நாட்டுல வித்தியாசம் 80 மீட்டருக்கு மேல, தெக்க போகப் போக 90ஐத் தாண்டும். சென்னை பீச்சுல நின்னுட்டு கடல் மட்டத்துக்கு மாத்தாத ஜி.பி.எஸ் உயரத்தப் பாத்தா மைனஸ் எண்பது சொச்சம் காட்டும், மெஷின் ரிப்பேர்னு திருப்பிக் குடுத்த ஆளையெல்லாம் எனக்குத் தெரியும்.

சில வருஷம் முன்னாடி ஒரு கண்மாய் வேலைல தரை ட்ரோன் பார்ட்டி குடுத்தது, மடை நாங்க லெவல்ல எடுத்தது. ரெண்டையும் சேத்து 3டில பாத்தா கண்மாய் தரை மடைக்கு 90 மீட்டர் கீழ கெடக்கு, மடை அந்தரத்துல தொங்குது. சிரிச்சிட்டு சரி பண்ணிட்டோம். ஆனா இந்த மாதிரி தப்பு நல்ல தப்பு, பாத்த ஒடனே தெரிஞ்சுடும். மோசமானது என்னன்னா, ஒருத்தர் ஒரு ஜியாய்ட் மாடல்ல (முட்டை உயரத்த கடல் மட்ட உயரமா மாத்தற கணக்கு) கடல் மட்டத்துக்கு மாத்தி இருப்பாரு, இன்னொருத்தர் வேற மாடல்ல, லெவல்காரர் உள்ளூர் பெஞ்ச் மார்க்லேருந்து எடுத்திருப்பாரு, மூணும் கடல் மட்டம்னுதான் எழுதிருக்கும், மூணுக்கும் நடுவுல அரை மீட்டர் இடிக்கும். அரை மீட்டர் கண்ணுக்கு நல்லாவே தெரியாது. மேல சொன்ன டிப்பர் கணக்க பத்தால பெருக்கிக்கங்க.

மருந்து ரொம்ப சிம்பிள். கலுங்கு மேல ஒரு எடத்துல உளியால ஒரு கட்டம் செதுக்கி பெயிண்ட் அடிச்சு டி.பி.எம்னு (தற்காலிக பெஞ்ச் மார்க்) வெச்சிடுங்க. யார் வந்தாலும், ட்ரோனோ ஆர்.டி.கேயோ லெவலோ, மொதல்ல அந்தக் கட்டத்துல வெச்சு ஒரு ரீடிங் எடுத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும், எல்லா உயரமும் அதுலேருந்துதான். கடல் எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும்.

அடுத்த ஒட்டு, எந்தக் கட்டத்துல வரையறோம்ங்கிறது. மீட்டர்ல வேலை செய்ய யூ.டி.எம்னு உலகத்த ஆறு ஆறு டிகிரியா நறுக்கி வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல கோடு 78 டிகிரில விழுது. மதுரை, கரூர், சேலம் கோட்டுக்கு இந்தப் பக்கம் 44ஆவது மண்டலம், திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருநெல்வேலி அந்தப் பக்கம் 43. திண்டுக்கல் டவுன் கோட்ட ஒட்டிதான் இருக்கு, அதனால அந்தப் பக்கத்து வேலைன்னா மதுரைலேருந்து வர்றவர் 44ல எடுத்துட்டு வருவாரு, கோவைலேருந்து வர்றவர் 43ல. கம்ப்யூட்டர்ல போடற கேட் (CAD) டிராயிங்ல எந்த மண்டலம்னு எழுதி வைக்கற பழக்கமே கெடையாது, அதுலேருந்து வர்ற டி.எக்ஸ்.எஃப் ஃபைல்ல வெறும் எண்தான் வரும். 44ஓட எண்ண 43னு நெனச்சு க்யூஜிஐஎஸ்ல தொறந்தா கண்மாய் சரியா ஆறு டிகிரி மேக்க போய் லட்சத்தீவு பக்கம் கடல்ல உக்காந்திருக்கும். ஒரு தடவ எங்க ஆபீஸ்லயே நடந்தது, "சார் கண்மாய்ல தண்ணி ஃபுல்லா இருக்கு சார்"னு ஒரு பையன் கிண்டல் பண்ணான்.

பழைய டோபோஷீட்ட (சர்வே ஆஃப் இந்தியாவோட காகித மேப்) ஸ்கேன் பண்ணிப் போடறவங்களுக்கு ஒன்னு. 1802 ஏப்ரல்ல லாம்டன்ங்கிற வெள்ளைக்காரர் பரங்கிமலை பக்கத்துல சங்கிலி போட்டு ஆரம்பிச்ச அந்த சர்வேயோட பரம்பரைதான் அந்த ஷீட்டெல்லாம், அதுக்குப் பூமி எவரெஸ்ட் பேர்ல இருக்கிற வேற ஒரு முட்டை. அதுல இருக்கிற அட்சரேகை தீர்க்கரேகைய மாத்தாம நேரா ஜி.பி.எஸ் மேப்ல வெச்சா நூறு மீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும், கண்மாய் கரை ரோட்டு மேல ஏறிடும், அதப் பாத்துட்டு ரோடு போட்டு ஆக்கிரமிச்சிட்டாங்கன்னு மனு எழுதிடாதீங்க.

ஆக்கிரமிப்புன்னு வந்ததால எல்லைய முடிச்சிடறேன். எல்லைங்கிறது சாட்டிலைட்லயோ ட்ரோன்லயோ தெரியற கரை இல்ல, எஃப்.எம்.பில, அதாவது வருவாய்த்துறை புலப்படத்துல இருக்கிறது. அதுல ஜி லைன்னு ஒரு அடிக்கோடு போட்டு அதுலேருந்து பக்கவாட்டு தூரம் (ஆஃப்செட்) எழுதிருப்பாங்களே, அது ஒவ்வொன்னும் தனித்தனி தீவு, உலகத்துல எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. பக்கத்து பக்கத்து புலத்த ஒட்டுனா நடுவுல சந்து விழும் இல்ல ஏறி நிக்கும். அதுக்கு நெலத்துல இருக்கிற பழைய சர்வே கல்ல தேடிப் புடிச்சு, குறிப்பா மூணு ஊர் எல்லை சேர்ற கல்ல, அதுல ஆர்.டி.கே வெச்சு எடுத்து, அதோட புலப்படத்த இழுத்துப் பொருத்தணும். நண்பர்ட்ட கண்டிப்பா சொன்னேன், இப்படிப் பொருத்துன மேப் உங்களுக்குப் பேச ஒரு ஆதாரம், அவ்ளோதான், ஒருத்தர் வேலிய எடுக்கச் சொல்ல வருவாய்த்துறை சர்வேயர் வந்து கல்லு நடணும். கூகுள் எர்த்ல கோடு போட்டு வாட்ஸாப்ல அனுப்பி ஊர்ல ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாம போனத பாத்திருக்கேன்.

எல்லாத்தையும் எதுல சேத்து வைக்கிறதுங்கிறது சின்ன விஷயம், ஆனா தமிழ்ல வேலை செய்யறவங்களுக்கு சின்னதில்ல. எல்லாரும் ஷேப்ஃபைல்ங்கிற பழைய மேப் ஃபைல் வகையக் குடுப்பாங்க. அதுல டேபிள் காலம் (column) பேர் பத்து பைட்டுக்கு மேல போகாது, யூனிகோட்ல தமிழ் ஒரு எழுத்துக்குறிக்கு மூணு பைட், ஆக மூணு குறிதான். "மடை"ன்னு அடிச்சாலே ம, ட, கொம்பு மூணும் முடிஞ்சுது. எழுத்து எந்த முறைல இருக்குன்னு சொல்ற, கூட வர்ற சி.பி.ஜி ஃபைல் காணாம போனா உள்ள இருக்கிற ஊர் பேரெல்லாம் பூச்சி பூச்சியா தெரியும். ஆபீஸ்லேருந்து வர்ற லிஸ்ட் வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல இருந்துச்சுன்னா அத மொதல்ல யூனிகோடுக்கு மாத்திட்டுத்தான் மேப்போட சேக்கணும், இல்லன்னா ஒரு பேரும் பொருந்தாது. ஒரு கண்மாய்க்கு, ரெண்டு பேர் பாக்கறதுக்கு ஜியோபேக்கேஜ் போதும், ஒரே ஃபைல், தமிழ் பேர் எவ்ளோ நீளம் வேணா போகும். ஒன்றியம் பூரா கண்மாய் எடுக்கிறோம், அஞ்சு பேர் ஒரே நேரத்துல திருத்துவோம்னா போஸ்ட்ஜிஐஎஸ்ங்கிற டேட்டாபேஸுக்குப் போங்க, அதப் பாத்துக்க ஒரு ஆள் இருந்தா மட்டும். களத்துல மடை எத்தன, ஷட்டர் இருக்கா, துரு புடிச்சிருச்சான்னு போட்டோவோட எடுக்க கியூஃபீல்ட் ஆப் போன்லயே ஓடும், அதுக்கு அஞ்சு மீட்டர் துல்லியம் தாராளம்.

கடைசில நண்பருக்கு நான் சொன்னது இதுதான். மூணு பேரையும் வெச்சுக்கங்க, ஆனா இந்த வரிசைல. காலேஜ் பையன் இந்த வாரமே ஒக்காந்து 1984லேருந்து எந்த வருஷம் எவ்ளோ நெறஞ்சுதுன்னு எடுத்துக் குடுக்கட்டும். கருவேலத்த வெட்டுங்க. டி.பி.எம் செதுக்குங்க. ஆர்.டி.கேகாரர ரெண்டு நாள் கூப்பிட்டு கன்ட்ரோல் பாயிண்ட், ஒளிச்சு வைக்கிற பாயிண்ட், எல்லைக் கல்லு, மேக்குப் பக்கம் கட்டம் எல்லாத்தையும் எடுங்க, மடையும் கலுங்கும் லெவல்ல. அதுக்கப்புறம்தான் ட்ரோன், அதுவும் அவர் அந்த ஒளிச்சு வெச்ச பாயிண்ட்ல அஞ்சு சென்டிமீட்டருக்குள்ள வந்தா பணம்னு எழுதி வாங்கிட்டு. பணம் பத்தலன்னா ட்ரோன வெட்டிட்டு சவுடுப் பள்ளத்துல மட்டும் பத்து மீட்டருக்கு ஒரு பாயிண்ட்னு நடந்துடுங்க, முள்ளு குத்தும், மத்தபடி ஒன்னும் கொறையாது. ஆர்.டி.கேய மட்டும் வெட்டாதீங்க.

அவங்க எதச் செய்யப் போறாங்கன்னு கமிட்டில இன்னும் பேசிட்டிருக்காங்க. ஆனா பெயிண்ட் யோசனை மட்டும் எல்லாருக்கும் ஒடனே புடிச்சிடுச்சு போல, நேத்து நடுமடைச் சுவத்துல அடி கணக்குல எண் எழுதி போட்டோ அனுப்பிருந்தாரு. மஞ்சள்ல பட்டை, கருப்புல எண், ரொம்ப அழகா இருந்துச்சு. 4க்கு அப்புறம் நேரா 6 போட்டுருக்காங்க. போன் பண்ணணும்.